ஒற்றை நட்சத்திரம் பற்றி ஒரு பிழைதிருத்துநரின் கடிதம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறு கணினிப் பக்கத்தில் வந்த 'எந்த இயங்குதளம் உங்களுக்கு?' என்ற கட்டுரையை இரண்டு முறை படித்தேன். கூடவே கட்டம் போட்டு, விளையாட்டுக்கு விண்டோஸுக்கு ஐந்து நட்சத்திரம், மேக்குக்கு இரண்டு, இலவசமாகக் கிடைக்கும் இயங்குதளமான லினக்ஸுக்கு ஒன்று என்று வழங்கியிருந்தீர்கள். போதாக்குறைக்கு, லினக்ஸ் 'நிபுணர்களுக்கு மட்டும்' என்று ஒரு குறிப்பு. நான் நிபுணர் இல்லை. 31 ஆண்டுகளாகப் புத்தகங்களுக்கு மெய்ப்புப் பார்த்துக்கொண்டிருக்கிறவள். பகலில் சந்திப்பிழை, இரவில் லாரி. லாரி திரையில்தான்: 'யூரோ டிரக் சிமுலேட்டர் 2' விளையாட்டில் சரக்கு ஏற்றிக்கொண்டு, வைப்பர் அடிக்க, மழையில் ஊர் ஊராகப் போவேன். நிஜத்தில் எனக்கு சைக்கிள்கூட ஒழுங்காக ஓட்ட வராது. இந்த இரண்டு வேலைகளையும் ஓராண்டாக லினக்ஸில் செய்துவருகிறேன் என்பதால் எழுதுகிறேன்.

கட்டுரையின் முதல் பத்தியிலேயே சிவப்பு மை தேவைப்பட்டது. '2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10 கணினிகள் காலாவதியாகிவிட்டன' என்று அச்சிட்டிருக்கிறீர்கள். கணினி எங்கே காலாவதியானது? 2015 ஜூலையில் வந்த ஒரு மென்பொருளுக்கு மைக்ரோசாஃப்ட் வழக்கமாக அனுப்பிவந்த பாதுகாப்புத் திருத்தங்கள் அன்றோடு நின்றன. மறுநாள் பொத்தானை அழுத்தினால் அது எப்போதும்போல விழித்துக்கொண்டது. இனி ஓட்டை தெரியவந்தால் அடைக்க ஆள் வராது. அது சின்ன விஷயம் இல்லைதான். ஆனால் வீட்டில் பயன்படுத்துவோர் பதிவு செய்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை திருத்தங்கள் கிடைக்கும் என்றும் அதே நிறுவனம் அறிவித்திருந்தது. அந்த ஒரு வரிக்குக் கட்டுரையில் இடம் இல்லாமல் போய்விட்டது. 'புதுக் கணினி வாங்குங்கள்' என்பதற்கு மட்டும் மூன்று இடத்தில் இடம் இருந்தது.

என்னுடைய கணினி 2016-இல் வாங்கியது. இன்டெல் ஆறாம் தலைமுறை ஐ5, 8 ஜிபி ரேம், ஜிடிஎக்ஸ் 1050 டிஐ கிராஃபிக்ஸ் கார்டு. விண்டோஸ் 11 டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியைக் கேட்கிறது. இன்டெல் பிராசசர் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ வேண்டும் என்கிறது. என்னுடையது அந்தப் பட்டியலில் இல்லை. கொல்லைப்புற வழியாக ஏற்றிக்கொள்கிறவர்கள் உண்டு. எனக்குக் கொல்லைப்புறம் பிடிக்காது. பழைய ஹார்ட் டிஸ்கில் விண்டோஸ் 10-ஐ அப்படியே விட்டுவிட்டு, தனியாக எஸ்எஸ்டி என்ற வேகமான டிஸ்க் ஒன்றை மாட்டி, அதில் லினக்ஸின் ஒரு வகையான லினக்ஸ் மின்ட் நிறுவினேன். நிறுவுவதற்கு முன் பென் டிரைவிலிருந்தே அதை இயக்கி, வைஃபை வருகிறதா, ஒலி வருகிறதா, பிரிண்டர் அச்சடிக்கிறதா என்று ஒரு மாலை முழுக்கப் பார்த்தேன். எதையும் அழிக்காமல் இப்படி வெள்ளோட்டம் விடலாம் என்பதை உங்கள் கட்டுரையாளர் ஏன் சொல்லவில்லை என்று தெரியவில்லை. வாசகருக்கு அதைவிடப் பயனுள்ள தகவல் வேறென்ன இருக்கிறது?

சிக்கலே இல்லை என்று நான் சொல்லவரவில்லை. முதல் வாரமே மாட்டிக்கொண்டேன். ஒரு நாவலின் கையெழுத்துப்படி வேர்டு கோப்பாக வந்தது. அதை லிப்ரே ஆஃபிஸில் திறந்து, வழக்கம்போல 'பக்கம் 87, வரி 6: ஒற்று மிகாது' என்ற ரீதியில் பட்டியல் போட்டு அனுப்பினேன். மறுநாள் ஆசிரியை தொலைபேசியில் அழைத்தார். "அம்மா, எண்பத்தேழாம் பக்கத்தில் அந்தச் சொல்லே இல்லையே?" அவருடைய கணினியில் 112 பக்கமாக இருந்த படி என் திரையில் 119 பக்கம் ஆகியிருந்தது. காரணம் எழுத்துரு. அவர் தட்டெழுதியது விண்டோஸோடு வரும் நிர்மலா எழுத்துருவில்; லினக்ஸில் அது இல்லாததால் வேறொரு தமிழ் எழுத்துரு தானாக வந்து உட்கார்ந்துவிட்டது. அது கொஞ்சம் அகலம். வரிக்கு ஓர் எழுத்து நகர்ந்தால் நூறு பக்கத்தில் ஏழு பக்கம் நகர்ந்துவிடும் என்பதை அன்றுதான் கண்ணால் பார்த்தேன். இப்போதெல்லாம் மூன்று இயங்குதளங்களிலும் இலவசமாகப் போட்டுக்கொள்ளக்கூடிய நோட்டோ தமிழ் எழுத்துருவை எழுத்தாளர்களிடமே கேட்டு வாங்கிவிடுகிறேன். பாமினி காலத்துப் பழைய கோப்புகள் இன்னும் வேடிக்கை. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் முழுக் கதையும் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். ஆனால் அது விண்டோஸிலும் அப்படித்தான். லினக்ஸைக் குறைசொல்ல முடியாது. தமிழ்99 விசைப்பலகை மூன்றிலும் இருக்கிறது. பிடிஎஃப் மெய்ப்பில் குறிப்பு எழுத ஒகுலர் என்ற மென்பொருள் எனக்குப் போதுமானதாக இருக்கிறது.

இன்னொரு சிக்கல் முழுக்க என் அறியாமையால் வந்தது. பழைய ஹார்ட் டிஸ்கில் இருந்த கோப்புகளை லினக்ஸிலிருந்து திறந்தால், 'வாசிக்க மட்டும்' என்று மேலே ஒரு பட்டை. ஒரு 'ப்' சேர்க்கக்கூட விடவில்லை. மெய்ப்புப் பார்ப்பவளிடம் இதைவிடக் கொடுமையாக ஒரு கணினி நடந்துகொள்ள முடியாது. விண்டோஸில் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்ற வசதி இருக்கிறது. அது இயக்கத்தில் இருந்தால், ஷட் டவுன் கொடுத்தாலும் கணினி முழுமையாக அணையாமல் பாதித் தூக்கத்தில் போகிறது. டிஸ்க் இன்னும் விண்டோஸின் கையில் இருப்பதாகக் கருதி, லினக்ஸ் அதில் எழுத மறுக்கிறது. அந்த வசதியை நிறுத்தியதும் சரியாகிவிட்டது. இரண்டு இயங்குதளங்களை ஒரே கணினியில் வைப்பவர்கள் எல்லோரும் ஒருமுறையாவது இதில் முட்டிக்கொள்வார்கள் என்று நினைக்கிறேன்.

இனி விளையாட்டு. உங்கள் ஒற்றை நட்சத்திரம் பத்தாண்டுகளுக்கு முன் நியாயமாக இருந்திருக்கும். 2015-இல் லினக்ஸ் அடிப்படையிலான ஸ்டீம் மெஷின் கணினிகள் வந்தபோது அவற்றில் ஓடும் விளையாட்டுகளே குறைவு, யாரும் சீந்தவில்லை. நிலைமையை மாற்றியது 2018 ஆகஸ்டில் வால்வ் நிறுவனம் வெளியிட்ட, விண்டோஸ் விளையாட்டுகளை லினக்ஸில் ஓட்ட உதவும் புரோட்டான் என்ற மென்பொருள். அதன் அடியில் இருப்பது 1993-இலேயே தொடங்கிய வைன் என்ற திட்டம். 'வைன் எமுலேட்டர் அல்ல' என்று பொருள்படும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகளைச் சேர்த்து வைத்த பெயர் அது. தன் பெயரைத் தனக்குள்ளேயே வைத்திருக்கிற பெயர். மெய்ப்பில் இப்படி ஒன்று வந்தால் சுழித்துவிட்டிருப்பேன். வைன் கணினிக்குள் ஒரு போலி விண்டோஸை உருவாக்குவதில்லை. விளையாட்டு விண்டோஸிடம் கேட்பதை எல்லாம் இடையில் நின்று வாங்கி, லினக்ஸுக்குப் புரிகிற மாதிரி சொல்லி, பதிலைத் திருப்பித் தருகிறது. அந்தக் காலத் துபாஷி செய்த வேலை. படம் வரைவதற்கான விண்டோஸின் டைரக்ட்3டி கட்டளைகளை லினக்ஸில் செல்லுபடியாகும் வல்கன் கட்டளைகளாக மாற்ற டிஎக்ஸ்விகே என்று தனியாக ஒரு துபாஷி.

இடையில் மொழிபெயர்ப்பாளர் நின்றால் பேச்சு தாமதமாகும் என்றுதான் நானும் நினைத்தேன். நொடிக்கு 60 படம் காட்ட வேண்டுமென்றால் ஒரு படத்துக்குக் கிடைக்கும் நேரம் 16.7 மில்லி நொடி. அதற்குள் மொழிபெயர்ப்பும் முடிய வேண்டும். என் அனுபவத்தில் சில விளையாட்டுகள் விண்டோஸில் ஓடிய அளவுக்கே ஓடுகின்றன, சில கொஞ்சம் பின்தங்குகின்றன. முதல்முறை திறக்கும்போது 'ஷேடர்கள் (ஒளி, நிழல், நிறம் தீட்டும் சிறு நிரல்கள்) தயாராகின்றன' என்று ஒரு பட்டை ஆமைபோல நகரும். அந்த நேரத்தில் ஓர் அத்தியாயத்தின் உள்ளடக்கப் பக்க எண்களைச் சரிபார்த்துவிடலாம். ஒரு விளையாட்டு கறுப்புத் திரையோடு நின்றுவிட்டது. வால்வின் விளையாட்டுக் கடையான ஸ்டீமில் அதன் பண்புகளுக்குப் போய் வேறொரு புரோட்டான் பதிப்பைத் தேர்ந்ததும் திறந்தது. எனக்கு இதில் எரிச்சல் வரவில்லை. வருகிறவர்களும் இருப்பார்கள், அவர்கள் விண்டோஸிலேயே இருப்பது உத்தமம். என் லாரிக்கு இந்தத் துபாஷி யாரும் தேவையில்லை. அதற்கு லினக்ஸுக்கென்றே எழுதிய பதிப்பு இருக்கிறது.

ஒரு விநோதம் சொல்ல வேண்டும். பீரோவில் 1990-களின் சிறுவர் புதிர் விளையாட்டுக் குறுந்தகடு ஒன்று கிடந்தது. விண்டோஸ் 3.1-க்காக எழுதிய 16-பிட் நிரல். 64-பிட் விண்டோஸ் 16-பிட் நிரல்களை ஏற்பதில்லை, அதனால் விண்டோஸ் 10-இல் அது திறக்கவே இல்லை. லினக்ஸில் வைன் வழியாகத் திறந்தது. பறவைகளும் கிறீச் கிறீச்சென்று கத்தின. விண்டோஸ் மறந்துவிட்ட விண்டோஸை லினக்ஸ் நினைவில் வைத்திருக்கிறது. இதற்கு எத்தனை நட்சத்திரம்?

ஆனால் ஓர் இடத்தில் உங்கள் ஒற்றை நட்சத்திரம்கூட அதிகம். விடுமுறைக்கு வந்த அக்காள் மகன் தான் தினமும் நண்பர்களோடு இணையத்தில் ஆடும் ஒரு சுடும் விளையாட்டை நிறுவினான். "சித்தி, உள்ளே விடவே மாட்டேன் என்கிறது." அது ஓடும் வேகத்தில் குறை இல்லை; தடுத்தது அதன் மோசடித் தடுப்பு நிரல். இத்தகைய நிரல்கள் பல, விண்டோஸின் கர்னலுக்குள்ளேயே, அதாவது இயங்குதளத்தின் கருவறைக்குள்ளேயே போய் உட்கார்ந்துகொண்டு, யாராவது சுவருக்குப் பின்னால் பார்க்கும் குறுக்குவழி வைத்திருக்கிறார்களா என்று கவனிக்கின்றன. லினக்ஸில் அந்தக் கருவறை வேறு. துபாஷிக்கு அங்கே அனுமதி இல்லை. ஈஸி ஆன்டி-சீட், பேட்டில்ஐ ஆகிய இரண்டு மோசடித் தடுப்பு நிரல்களும் 2021 முதல் புரோட்டானில் இயங்க வழி செய்திருக்கின்றன. ஆனால் அதைத் திறப்பதா வேண்டாமா என்பது விளையாட்டைத் தயாரித்தவர்கள் கையில். வாலரன்ட், ஃபோர்ட்நைட் போன்றவை லினக்ஸில் ஓடுவதில்லை. ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ் ஓடிக்கொண்டிருந்தது; மோசடியைக் காரணம் காட்டி 2024-இல் அதை நிறுத்திவிட்டார்கள். ஆக, நன்றாக ஓடுகிற விளையாட்டுகூட ஒரு நாள் காலை ஓடாமல் போகலாம். 'லினக்ஸில் எல்லா விளையாட்டும் ஓடும்' என்று மார்தட்டுகிற நண்பர்கள் இதைச் சத்தமாகச் சொல்வதில்லை.

கருவறைக்குள் யாரையும் விடுவது சரிதானா என்ற கேள்வியும் இருக்கிறது. 2024 ஜூலை 19 அன்று ஒரு பாதுகாப்பு மென்பொருளின் பிழையான புதுப்பிப்பால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையோடு நின்றன. அந்த மென்பொருளும் கர்னலுக்குள் இருந்ததுதான். பதினைந்து வயதுப் பையனிடம் இதைச் சொல்லிப் பார்த்தேன். அவனுடைய கவலை அன்று மாலை ஆறு மணி ஆட்டம். கணினியை மறுபடி தொடங்கி, பழைய ஹார்ட் டிஸ்கின் விண்டோஸைத் தேர்ந்து கொடுத்தேன். பத்தே நிமிடத்தில் ஆட ஆரம்பித்துவிட்டான்.

மேக்கைப் பற்றி எனக்கு அதிகம் சொல்ல இல்லை. என்னோடு வேலை செய்யும் பக்க வடிவமைப்பாளரிடம் ஆப்பிளின் எம்1 சிப் உள்ள மேக் இருக்கிறது. மின்விசிறிச் சத்தம் கேட்டதே இல்லை, பேட்டரி நாள் முழுக்க வருகிறது, பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைன் சுகமாக ஓடுகிறது. இன்டிசைன் லினக்ஸுக்கு இல்லை என்பதால் அவர் என் பக்கம் வரப்போவதும் இல்லை. ஆனால் 2019-இல் வந்த கேட்டலினா பதிப்போடு 32-பிட் நிரல்களை ஆப்பிள் கைவிட்டது. காசு கொடுத்து வாங்கி வைத்திருந்த பழைய விளையாட்டுகள் பல ஒரே நாளில் பொம்மைப் படங்களாகிவிட்டன. ரேமையும் பின்னால் கூட்ட முடியாது. விளையாட்டு உங்களுக்கு எப்போதாவது என்றால் மேக் நல்லதுதான்.

அடுத்த முறை நட்சத்திரம் போடும்போது, எந்த ஆண்டுக் கணினியில், எந்தக் கிராஃபிக்ஸ் கார்டில், எந்தெந்த விளையாட்டுகளை ஓட்டிப் பார்த்துப் போட்டீர்கள் என்று கட்டத்துக்குக் கீழே சிறிய எழுத்திலாவது அச்சிடுங்கள். இணைய விளையாட்டுகளுக்குத் தனி வரிசை வையுங்கள்; தனியாக ஆடுபவரையும் கூட்டமாக ஆடுபவரையும் ஒரே தராசில் போட்டால் இரண்டு பேருக்கும் தவறான எடைதான் வரும். குறிப்பிட்ட விளையாட்டு லினக்ஸில் எப்படி ஓடுகிறது என்று ஆடியவர்களே எழுதிவைக்கும் புரோட்டான்டிபி என்ற இணையத்தளம் இருக்கிறது. வாசகர்களை அங்கே அனுப்பிவிட்டாலே கட்டுரையில் பாதி இடம் மிச்சமாகும். அந்த இடத்தில் எழுத்துரு பற்றி எழுதலாம், நானே எழுதித் தருகிறேன்.

இப்படிக்கு,
மெய்ப்புப் பார்க்கும் வாசகி

பி.கு.: அதே கட்டுரையில் முதல் பத்தியில் 'லினக்ஸ்', நான்காம் பத்தியில் 'லினெக்ஸ்', கட்டத்துக்குள் 'லைனக்ஸ்' என்று இருக்கிறது. ஏதாவது ஒன்றை முடிவுசெய்துகொள்ளுங்கள்.