கிளட்ச் மீது தவறில்லை

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கு நானும் அம்மாவும் நலம். மூன்று முறை அழைத்தும் நீ எடுக்கவில்லை; எடுத்த ஒரு முறையும் "அப்புறம் பேசுறேன்ப்பா" என்று வைத்துவிட்டாய். வேறு விசேஷம் ஒன்றுமில்லை, அம்பாசடர் விஷயமாகத்தான் எழுதுகிறேன்.

எஞ்சின் வேலையும் பெயிண்டும் முடிந்துவிட்டன. அந்தப் பழைய சத்தம் மட்டும் போகவில்லை: முதல் கியரில் கிளட்சை விட்டதும் அடியில் 'டங்' என்று ஒரு தட்டு, ஓடத் தொடங்கியதும் சக்கரத்தோடு சேர்ந்து ஒரு 'டிக் டிக்'. பட்டறைக்காரர் பார்த்த மாத்திரத்தில், பின் அச்சுக்குள் இருக்கும் கிரவுன், பினியன் என்ற இரண்டு பல்சக்கரங்களையும் மாற்ற வேண்டும் என்றார். எனக்கு மனம் ஒப்பவில்லை.

வண்டியை நிறுத்தி நியூட்ரலில் வைத்து கிளட்சை மிதித்தும் விட்டும் பார்த்தேன். எந்த மாற்றமும் இல்லாததால் ரிலீஸ் பேரிங்கையும் கியர்பாக்ஸின் முன் பேரிங்கையும் விட்டுவிட்டேன். பிறகு விடியற்காலையில் நத்தம் சாலை மேம்பாலத்தில் ஏறி, 40 கிலோமீட்டர் வேகத்தில் மூன்றாவது கியரிலும் நான்காவதிலும் ஓட்டிக் கேட்டேன். இரண்டிலும் அதே 'டிக் டிக்', அதே கணக்கு. அப்படியென்றால் கோளாறு கியர்பாக்ஸுக்குப் பின்னால்தான். இடமும் வலமும் வளைத்தபோதும் மாறவில்லை, ஆகவே சக்கர பேரிங் இல்லை. கிரவுன், பினியன் தேய்ந்திருந்தால் ஆக்சிலேட்டரை அழுத்தும்போதும் விடும்போதும் ஊளை மாறும். இதில் ஊளையே இல்லை.

உனக்கும் வண்டி இருக்கிறது, அதை நிறுத்தியே வைக்காதே. மாப்பிள்ளை ஏதோ பேச்சில் சொன்னார், இரண்டு வாரமாக வண்டி அசையவே இல்லை என்று. நீ அலுவலகத்துக்கு எதில் போகிறாய் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. பேட்டரி இறங்கிவிடும் அம்மா. ஞாயிற்றுக்கிழமையாவது ஒரு பத்து கிலோமீட்டர் ஓட்டு. முதல் முறையிலேயே லைசென்ஸ் வாங்கியவள் நீ. உன் அண்ணனுக்கு மூன்று முறை ஆனது.

முன் சக்கரங்களுக்குக் கல் வைத்து, பின்பக்கத்தை ஸ்டாண்டில் ஏற்றி, கியர்பாக்ஸிலிருந்து பின் அச்சுக்குப் போகும் ஷாஃப்டைக் கையால் திருகினேன். பின் ஜாயிண்டில் ஆட்டம் தெரிந்தது. ஜாயிண்டின் நடுவில் சிலுவை மாதிரி இருக்கும் கிராஸைக் கழற்றினால், அதன் முனைகளை மூடும் நான்கு கப்புகளில் இரண்டில் ஊசி பேரிங்குகள் இல்லை, செங்காவிப் பொடிதான் இருந்தது. கிராஸின் முனையை நகத்தால் தடவிப் பார்த்தேன். ஊசிகள் பதிந்த வரிவரியான பள்ளங்கள். கிரீஸ் காணாமல் பல வருடம் காய்ந்தால்தான் அப்படி ஆகும். கிரீஸ் கன்னைப் பிடிக்க வேண்டியவன் நான்.

அழகர்கோவில் சாலையில் அன்று அத்தை முன்னிலையில், "கிளட்சை உதைக்கிறாய், வண்டியைக் கொல்கிறாய்" என்று உன்னைத் திட்டினேன். நீ ஒரு வார்த்தையும் பேசாமல் சாவியைக் கொடுத்துவிட்டுப் பின்சீட்டில் போய் உட்கார்ந்தாய். அதற்குப் பிறகு அந்த வண்டியை நீ தொடவில்லை. நீ கிளட்சைச் சரியாகத்தான் விட்டாய். அதே 'டங்' நான் தனியாக ஓட்டியபோதும் கேட்டது, அன்றைக்கு முன்பே கேட்டது. தெரிந்தும் உன் மேல் போட்டேன். இத்தனை வருடத்தில் இதை அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை.

2014இலேயே உத்தரப்பாரா தொழிற்சாலையில் அம்பாசடர் தயாரிப்பு நின்றுவிட்டது. ஆனாலும் புதுக் கிராஸ் கிடைத்துவிட்டது, மாட்டிவிட்டேன். 'டிக் டிக்' அடங்கியதும், அதுவரை கேட்காத ஒரு மெல்லிய முனகல் பின்னால் கேட்கிறது. ஓட்டிக்கொண்டே அது எங்கிருந்து வருகிறதென்று பிடிக்க முடியவில்லை. ஒருவர் ஓட்ட, ஒருவர் பின்சீட்டில் காதை வைத்துக் கேட்க வேண்டும். அம்மாவுக்கு ஓட்டத் தெரியாது.

வெள்ளிக்கிழமை இரவு பேருந்து ஏறினால் சனிக்கிழமை விடியலில் மாட்டுத்தாவணியில் வண்டியோடு நிற்பேன். லீவு கேட்க வேண்டியிருக்குமா என்று நீயேதான் சொல்ல வேண்டும். பின்சீட்டில் நான் உட்கார்ந்து வருகிறேன்.

அன்புடன்,
அப்பா