சட்டம் மாறிடுச்சு, உள்ள இருக்கறவன் கதி?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

போன இதழ்ல அமெரிக்க மாநிலங்கள் கொலைக் கேசுக்கான தண்டனைச் சட்டங்களை மாத்திக்கிட்டு வர்றதைப் பத்தி கட்டுரை போட்டிருந்தீங்க, நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா ஒரு விஷயத்தை ஒரே வரியில தாண்டிட்டீங்க. சட்டம் மாறுற தேதிக்கு முன்னாடியே தண்டனை வாங்கி உள்ள போனவங்களுக்கு என்ன ஆகுது? என்னைக் கேட்டா மொத்த விவகாரமும் அங்கதான் இருக்கு.

ஃபெலனி மர்டர்னு அங்க ஒரு விதி. கொள்ளை மாதிரி பெரிய குற்றம் பண்ணப் போன இடத்துல யாராவது செத்துட்டா கூடப் போன அத்தனை பேரும் கொலைகாரங்கதான். ரெண்டு பேர் கடைக்குள்ள கொள்ளையடிக்கப் போறாங்க, மூணாவது ஆள் வெளிய கார்ல என்ஜினை ஆஃப் பண்ணாம உக்காந்திருக்கான், உள்ள போனவன் பயத்துலயோ ஆத்திரத்துலயோ சுட்டுடறான்னு வைங்க. கார்ல இருந்தவன் துப்பாக்கியைத் தொட்டது கூட இல்ல, ஆனா அவன் மேலயும் அதே கொலைக் கேஸ்தான், சில மாநிலங்கள்ல பரோலே கிடையாத ஆயுள் தண்டனை, அதாவது பொணமாத்தான் வெளிய வரணும். கொல்லணும்னு நினைச்சானான்னு அரசு தரப்பு நிரூபிக்க வேண்டியதே இல்ல, கொள்ளையடிக்க நினைச்சது போதும். இங்கிலாந்துல இருந்து போன விதி இது, அந்த இங்கிலாந்தே 1957ல தலைமுழுகிடுச்சு. மிச்சிகன் சுப்ரீம் கோர்ட் 1980லயே ஒதுக்கித் தள்ளிடுச்சு. மத்த மாநிலங்கள்ல பெரும்பாலானவை விட மனசு வராம பிடிச்சுக்கிட்டுதான் இருந்துச்சு.

கலிஃபோர்னியாவுல 2018ல செனட்டர் நான்சி ஸ்கின்னர் எஸ்.பி. 1437னு ஒரு மசோதா கொண்டுவந்தாங்க, கவர்னர் ஜெர்ரி பிரவுன் கையெழுத்துப் போட்டாரு, 2019 ஜனவரி 1ல அமலாச்சு. நேர்ல கொன்னவன், கொல்லணும்னே நினைச்சு உதவி பண்ணவன், இல்ல குற்றத்துல பெரிய பங்கு எடுத்துக்கிட்டு எவன் உயிர் போனா எனக்கென்னன்னு நடந்துக்கிட்டவன், இவங்களை மட்டும்தான் கொலைக் குற்றவாளின்னு சொல்லலாம்னு சுருக்கிட்டாங்க (செத்தது டூட்டியில இருந்த போலீஸ்காரரா இருந்தா கதை வேற, அந்தச் சலுகை இல்ல). இதை விடப் பெரிய விஷயம், ஏற்கனவே தண்டனை அனுபவிக்கறவங்களும் பெட்டிஷன் போடலாம்னு அதே சட்டத்துல எழுதினாங்க பாருங்க, அதுதான். 2021ல எஸ்.பி. 775 வந்து கொலை முயற்சி, மேன்ஸ்லாட்டர் (கொலையை விட ஒரு படி கீழான, உயிர் போன குற்றம்) கேஸ்காரங்களுக்கும் அந்தக் கதவைத் திறந்து விட்டுச்சு. மினசோட்டா 2023ல தன் சட்டத்தை மாத்தினப்பவும் பழைய ஆளுங்களுக்கு வழி வெச்சுது.

இப்போ கொலராடோவைப் பாருங்க. அங்க முன்னாடி ஃபெலனி மர்டர்னா பரோல் இல்லாத ஆயுள்தான், வேற பேச்சே இல்ல. 2021ல அதை ரெண்டாம் தரக் கொலையா இறக்கி 16ல இருந்து 48 வருஷம்னு மாத்தினாங்க. ரொம்ப நல்ல மாத்தம். ஆனா அந்த வருஷம் செப்டம்பர் 15க்கு அப்புறம் நடந்த குற்றத்துக்கு மட்டும்தானாம்! ஆகஸ்ட்ல கார் ஓட்டினவன் சாகற வரைக்கும் உள்ள, அக்டோபர்ல ஓட்டினவன் ஒரு நாள் வீட்டுக்குப் போயிடுவான். ரெண்டு பேரும் பண்ணது ஒண்ணுதானே சார்? இந்தத் தண்டனை ஜாஸ்தின்னு சட்டசபையே ஒத்துக்கிட்ட பிறகு அதே தண்டனையை ஒருத்தன் மேல மட்டும் இன்னும் வெச்சு அழுத்தறதுக்கு என்ன காரணம் சொல்லுவாங்க, காலண்டரைத்தான் காட்டணும். தண்டனையைக் கூட்டி முன்தேதியிட்டு அமல்படுத்தக் கூடாதுன்னு அமெரிக்க அரசியல் சட்டமே தடுக்குது, ஆனா குறைக்கறதுக்கு அந்தத் தடை எதுவும் இல்ல, மாநிலம் மனசு வெச்சா போதும்.

கோர்ட்டுகளும் இதே மாதிரி இழுத்தடிச்சிருக்கு. 18 வயசுக்குக் கீழ உள்ளவங்களுக்கு பரோல் இல்லாத ஆயுளைக் கட்டாயத் தண்டனையா குடுக்கறது செல்லாதுன்னு அமெரிக்க சுப்ரீம் கோர்ட் 2012ல சொல்லிடுச்சு. அது பழைய கேசுக்கு எல்லாம் பொருந்தாதுன்னு லூசியானா, மிச்சிகன், பென்சில்வேனியா எல்லாம் அடம் பிடிச்சுது, இல்ல பொருந்தும்னு அதே கோர்ட் இன்னொரு தடவை சொல்ல 2016 ஆயிடுச்சு. அந்த ரெண்டாவது தீர்ப்பு ஹென்றி மான்ட்கோமரிங்கறவர் பேர்ல வந்தது. 1963ல 17 வயசுல லூசியானாவுல ஒரு துணை ஷெரிஃபை, அதாவது போலீஸ் அதிகாரியைச் சுட்டுக் கொன்னவர், இவர் கார்ல உக்காந்திருந்த ஆள் இல்ல, நேர்ல கொன்னவர்தான். அவர் கேசால எத்தனையோ பேர் வெளிய வந்தாங்க, அவருக்கே பரோல் போர்டு ரெண்டு தடவை முடியாதுன்னுடுச்சு. கடைசியில 2021 நவம்பர்ல 75 வயசுல விட்டாங்க, அதுக்குள்ள 57 வருஷம் போயிடுச்சு.

எதிர்ப்பக்கம் சொல்றதை நான் லேசா எடுத்துக்கல. பிள்ளையைப் பறிகொடுத்த குடும்பத்துக்கு, எல்லாம் முடிஞ்சுதுன்னு ஒரு மாதிரி மனசைத் தேத்திக்கிட்டு இருக்கறப்ப கோர்ட்டுல இருந்து திரும்பவும் நோட்டீஸ் வரும், திரும்பவும் அதே சாட்சியம், அதே ஃபோட்டோ. அது கொடுமைதான், இல்லேன்னு யார் சொல்ல முடியும். ஆனா பெட்டிஷன் போட்டவனை எல்லாம் மறுநாளே திறந்து விடறாங்கன்னு பரப்பறாங்க பாருங்க, அது சுத்தப் பொய். கலிஃபோர்னியாவுல ஜட்ஜ் முதல்ல மனுவுல முகாந்திரம் இருக்கான்னு பார்ப்பாரு, அப்புறம்தான் விசாரணை, அதுல புது சட்டப்படியும் இவன் கொலைக் குற்றவாளிதான்னு அரசு தரப்பு சந்தேகத்துக்கு இடமில்லாம நிரூபிச்சுட்டா பழைய தண்டனை அப்படியே நிக்கும். தானே கொன்னவனுக்கு இதுல ஒண்ணும் கிடைக்காது. கொலைத் தீர்ப்பு ரத்தானவன் கூட கொள்ளைக்கான தண்டனையைக் கழிச்சே ஆகணும். சில மாவட்ட அரசு வக்கீல்கள் முன்னாடி மக்களே நேரா ஓட்டுப் போட்டுக் கொண்டுவந்த கொலை பத்தின சட்டத்தை சட்டசபை மாத்தக் கூடாதுன்னு கோர்ட்டுக்குப் போனாங்க, 2019லயே அப்பீல் கோர்ட் அதை ஏத்துக்க முடியாதுன்னுடுச்சு.

உங்க கட்டுரையில மாநிலவாரியா ஒரு டேபிள் போட்டிருந்தீங்களே, பழைய தண்டனை, புது தண்டனைன்னு ரெண்டு பத்தி, அதுல மூணாவதா இன்னொரு பத்தி சேர்த்து எந்தெந்த மாநிலத்துல பழைய ஆளுங்களுக்கும் இது பொருந்துதுன்னு அடுத்த இதழ்ல போட்டீங்கன்னா நல்லா இருக்கும்.

இப்படிக்கு,
உங்கள் நீண்ட நாள் வாசகன்