விதை இருக்க மரத்தைப் பெயர்ப்பானேன்?

ஆசிரியர் அவர்களுக்கு,

தென்னாப்பிரிக்காவில் ராட்சத சைகஸ் மரங்கள் திருடுபோவது பற்றிய செய்தியில் அவற்றைப் பனை என்று குறிப்பிட்டிருந்தீர்கள். அவை பனையல்ல, பூக்காமல் கூம்பு விடும் இனம். ஆனால் பனையைப் போலவே ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. மகரந்தத்தைச் சுமப்பவை கூன்வண்டு போன்ற சிறு வண்டுகள். ஆண் மரங்கள் களவுபோன காட்டில் பெண் மரம் கூம்பு விட்டாலும் விதை மலடுதான். 1895இல் தென்னாப்பிரிக்காவின் ஓங்கோயே காட்டில் ஆண் மரமாகக் கண்டெடுத்த வுட் சைகஸ் என்னும் இனத்துக்குப் பெண் மரம் இன்றுவரை கிடைக்கவில்லை. தோட்டங்களில் இன்று நிற்பவை அத்தனையும் அந்த ஒற்றை ஆண் மரத்தின் பக்கக்கன்றுகளே.

அந்நாட்டின் லிம்போப்போ மாகாணத்து மோஜாஜி சைகஸ் 12 மீட்டர் வரை உயரும். மழையை வரவழைப்பவர்கள் என்று நம்பப்பட்ட லொபேடு மக்களின் மழையரசியர் வழிவழியாகக் காத்த மரம் அது. இம்மரங்களின் வளர்ச்சியோ மிக மெதுவு. கிழக்குக் கேப் பகுதியிலிருந்து 1775இல் லண்டன் கியூ தோட்டத்துக்கு வந்த ராட்சத சைகஸ் ஒன்று இன்னும் தொட்டியில் உயிரோடிருக்கிறது. 250 ஆண்டுகளில் அதன் தண்டு நான்கு மீட்டரைச் சற்றே தாண்டியிருக்கிறது.

திருடர்கள் வேரை வெட்டித் தண்டை மட்டும் விற்கிறார்கள். தண்டில் சேர்ந்த மாவுச்சத்தைக் கொண்டு அது புதுக் குருத்துகூட விடும். வாங்கியவர் பிழைத்துவிட்டது என்று நம்புவார். அடியில் அழுகல் ஏறியிருப்பது பிறகுதான் தெரியும்.

விதையிலிருந்து வளர்ப்பதே நேர்வழி. கூம்பு உதிரும்போது விதைக்குள் கரு முற்றியிருக்காது. உடனே ஈரமணலில் போடுகிறவர்கள் அழுகக் கொடுப்பது இதனால்தான். விதையைச் சூழ்ந்த சதை நஞ்சு, கையுறை போட்டுச் சுரண்டிக் கழுவி, நிழலில் ஆறு மாதம் உலர்வாக வைக்க வேண்டும். பிறகு பருமணலில் படுக்கைவசமாகப் பாதி புதைத்து, 25 முதல் 28 டிகிரி சூட்டில் வைக்கலாம். முதலில் வருவது ஆணிவேர், நேராகக் கீழே இறங்கும். அதனால் ஆழமான தொட்டி வேண்டும். நுனி ஒடிந்தால் கன்று பின்தங்கும். மேல்மணல் காய்ந்த பிறகே அடுத்த தண்ணீர். பவளம் போலக் கிளைத்த வேர்கள் மண்ணுக்கு மேல் எட்டிப்பார்த்தால் நோய் என்று வெட்டிவிடாதீர்கள். அவற்றுக்குள் வாழும் நீலப்பச்சைப் பாசிதான் செடிக்கு நைட்ரஜன் பிடித்துக் கொடுக்கிறது.

இம்மரங்கள் சேர்ந்த என்செபலார்டாஸ் என்னும் ஆப்பிரிக்கப் பேரினம் முழுவதும், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் உள்ளது. நாற்றங்காலில் வளர்ந்த கன்றாக இருந்தாலும் அனுமதிச் சீட்டு இல்லாமல் எல்லை தாண்டக் கூடாது. பெரிய தண்டு விலைக்கு வந்தால் முதலில் அந்தச் சீட்டைக் கேளுங்கள், அடுத்து அடிவேரைப் பாருங்கள்.

இப்படிக்கு,
செடி வளர்க்கும் வாசகர்