மாமியார் எடுத்துக்கொண்ட சர்க்கரை

கொக்குரா, கிடாகியூஷூ
அக்டோபர் 2025

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. ஸ்ரீரங்கத்து வீட்டை விற்பது என்று முடிவாகிவிட்டதை நீ இரண்டே வரியில் முடித்துக்கொண்டதிலிருந்தே உன் மனநிலை தெரிகிறது. ஆனால் அதற்கடுத்து எழுதியிருந்தாயே, அதைப் படித்து நானும் இவளும் வாய்விட்டுச் சிரித்தோம். "ஜப்பான்காரர்களைப் பாருங்கள் அப்பா, வீட்டில் ஒரு பாயும் ஒரு பூஜாடியும் வைத்துக்கொண்டு எவ்வளவு நிம்மதியாக இருக்கிறார்கள்" என்று சொல்லி, உன் அம்மாவின் பித்தளைப் பாத்திரங்களை எடைக்குப் போடச் சொல்கிறாளாம் உன் மகள். அவளை ஒருமுறை இங்கே அனுப்பி வை. எங்கள் தெருவில் எந்த வீட்டு அலமாரியையாவது திறக்கச் சொல். திறக்கும்போது தலையைக் காத்துக்கொள்ளச் சொல்.

அவள் சொல்லும் வெறுமையான அறை இங்கே உண்டுதான். விருந்தினர் வந்தால் அந்த அறையில் உட்கார வைப்பார்கள். அதன் பக்கத்துச் சுவரில் ஒரு நகர்வுக் கதவு இருக்கும். அதற்குப் பின்னால் இருப்பது ஒஷீரே. மடித்த மெத்தைகள், யாரோ எப்போதோ கொடுத்துப் பிரிக்காமல் வைத்த துண்டுப் பெட்டிகள், பேரன் படித்து முடித்த பாடப்புத்தகங்கள் என்று மூன்று தலைமுறையின் சாமான்கள் அங்கேதான் அடைந்து கிடக்கும். எறிவதும் லேசில்லை. பெரிய சாமான் என்றால் முன்பதிவு செய்து, பணம் கட்டிச் சீட்டு வாங்கி ஒட்டி, சொன்ன நாளில் சொன்ன இடத்தில் வைக்க வேண்டும். பெற்றோர் வீட்டைக் காலி செய்வது இங்கே ஒவ்வொரு குடும்பத்துக்கும் வந்து சேரும் வேலை. அதற்கென்றே தொழில் நடத்துகிறார்கள். 2023 கணக்கெடுப்பில் நாடு முழுவதும் ஆளில்லாத வீடுகள் 90 லட்சம், மொத்த வீடுகளில் 13.8 சதவீதம். சாமான் கிடக்கிறது, ஆள்தான் இல்லை.

எங்கள் பக்கத்து வீட்டு அம்மாவை உனக்கு நினைவிருக்கும், போன தடவை நீ வந்தபோது மாவடுவை ஒரு கடி கடித்துவிட்டுக் கண்ணில் நீர் வரச் சிரித்தவர். வருகிற மாதம் அவருக்கு எண்பது நிறைகிறது. பிள்ளைகள் தோக்கியோவிலும் ஒசாகாவிலும் இருக்கிறார்கள். இந்த ஊரிலேயே ஆற்றுக்கு அப்பால் அவர் பிறந்த வீடு பல வருடமாகப் பூட்டிக் கிடந்தது. 2024 ஏப்ரலிலிருந்து வாரிசுகள் தங்கள் பெயருக்குச் சொத்தைப் பதிவு செய்தே ஆக வேண்டும் என்று சட்டம் வந்துவிட்டதால், இனியும் தள்ளிப்போட முடியாமல் வீட்டைக் காலி செய்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் இவளும் ஒத்தாசைக்குப் போகிறோம்.

விலை போகும் என்று எல்லோரும் நினைத்தது கிமோனோக்கள்தான். அவற்றை வைத்திருந்தது பௌலோனியா மரத்தில் செய்த தான்சு என்ற துணி அலமாரி ஒன்றில், இழுப்பறைகள் நிறைய. மகள் பிறந்தால் அந்த மரத்தை நட்டு, கல்யாணத்தின்போது வெட்டிப் பெட்டி செய்து கொடுக்கும் வழக்கம் முன்பு உண்டு. அவ்வளவு சீக்கிரம் வளரும் மரம். கையில் எடுத்தால் தக்கை போலத்தான் இருக்கும். ஆனால் இழைப்பு அத்தனை கச்சிதம். ஓர் இழுப்பறையைத் தள்ளினால் உள்ளே இருக்கும் காற்று போக வழியில்லாமல் இன்னோர் இழுப்பறையை வெளியே தள்ளுகிறது. நான் சின்னப் பையன் மாதிரி நாலைந்து தடவை தள்ளிப் பார்த்தேன். வாங்க வந்த வியாபாரி எல்லாப் பட்டுக் கிமோனோக்களையும் புரட்டிப் பார்த்துவிட்டு, இரண்டு பேர் மதியச் சாப்பாட்டுக்கு ஆகும் தொகையைச் சொன்னார். தான்சுவுக்கு அதுகூட இல்லை. இந்தக் காலத்து அடுக்குமாடியில் அதை வைக்க இடம் ஏது?

எனக்கு வயிறு எரிந்தது. கிமோனோவில் வளைத்து வெட்டிய துண்டே கிடையாது தெரியுமா? ஏறக்குறைய 37 சென்டிமீட்டர் அகலம், 12 மீட்டர் நீளமுள்ள ஒற்றைத் துணியை நேர்கோட்டில் வெட்டித் தைக்கிறார்கள். தையலைப் பிரித்துவிட்டால் மறுபடி நீளத் துணியாகச் சேர்த்து, துவைத்து, கஞ்சி போட்டு, மகள் உயரத்துக்குத் தைக்கலாம். யுகாத்தா என்ற பருத்திக் கிமோனோ பழசானால் குழந்தைக்கு அணையாடை, அதுவும் நைந்தால் தரை துடைக்கும் துணி. அப்படி வாழ்ந்த ஜனங்களின் பட்டு இன்று எடைக்குப் போகிறது. உன் வீட்டுப் பித்தளைக்காவது பழைய இரும்புக் கடைக்காரர் மரியாதையான விலை கொடுப்பார்.

இன்னோர் இழுப்பறையில் ஒரு துணிப்பை, உள்ளே மணிச்சட்டம். அந்தப் பையின் துணி கெட்டியான பருத்தி, நெடுக்குக் கோடுகள், தொட்டால் பதப்படுத்திய தோல் போல வழவழப்பு. இந்த ஊருக்கே பேர் வாங்கிக் கொடுத்த கொக்குரா நெசவு அப்படித்தான் இருக்கும். பாவு நூலை, அதாவது நெடுக்கு நூலை, மிக நெருக்கமாக ஓட்டி நெய்வார்கள். ஷோகன்கள் ஆண்ட எடோ காலத்தில் சாமுராய்களின் ஹகாமா என்ற அகலக் கால்சட்டைக்கும், பிறகு பள்ளி மாணவர்களின் சீருடைக்கும் போனது. 1926இல் தொடங்கிய ஷோவா காலத்தின் ஆரம்பத்தில் தறிகளோடு அடியோடு மறைந்துவிட்டது. ட்சுயிகி நோரிகோ என்ற நெசவாளர் பழம்பொருள் கடையில் ஒரு துண்டுத் துணியைப் பார்த்துவிட்டு, அதை வைத்தே நூல் கணக்கைக் கண்டுபிடித்து, 1984இல் அந்த நெசவுக்கு மறுபடி உயிர் கொடுத்தார். இன்று கடை கடையாக விற்கிறது. யாரோ ஒருத்தி அந்தத் துண்டைக் கரித்துணியாக்காமல் விட்டாள் பார், அவளுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும். எங்கள் பை அசல்தானா என்று விவரம் தெரிந்தவர் யாரிடமாவது காட்டப் போகிறோம்.

இனி நான் உண்மையில் எழுத நினைத்த விஷயத்துக்கு வருகிறேன்.

புத்தமாடத்தின் கீழ் அறையில், உள்ளங்கையில் அடங்கும் ஒரு மரப்பெட்டி இருந்தது. திறந்தால் பஞ்சு, பஞ்சுக்குள் உலர்ந்த வேர்த்துண்டு போல ஒன்று. அந்த அம்மாவின் தொப்புள்கொடி. இதைப் பத்திரப்படுத்துவது இங்கே இன்றும் பல வீடுகளில் உண்டு, ஆஸ்பத்திரியிலேயே பெட்டியில் போட்டுக் கொடுக்கிறார்கள். பெட்டிக்கு அடியில் மடித்த ஒரு கையேடு. தாள் மட்டமான பழுப்பு, மடிப்பில் தொட்டால் உதிர்கிறது. கர்ப்பிணிகளுக்காக ஜப்பான் அரசு 1942இல், யுத்தத்துக்கு நடுவே கொண்டுவந்த கையேடு அது. பிள்ளைகள் நிறையப் பிறக்க வேண்டும், சாகாமல் வளர வேண்டும் என்பது அன்றைய அரசின் கணக்கு. இதை வைத்திருக்கும் பெண்ணுக்கு ரேஷனில் கொஞ்சம் கூடுதலாகப் பருத்தித் துணி, சர்க்கரை போன்றவை கிடைக்கும். யுத்தம் முடிந்த பின் 1948இல் அதுவே தாய்க்கும் குழந்தைக்கும் சேர்ந்த கையேடாக மாறி, இன்றும் ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் தரப்படுகிறது. வேறு பல நாடுகளும் இதைப் பார்த்து எடுத்துக்கொண்டன.

இந்தக் கையேட்டில் 1945 ஜூலையில் ஒரு முத்திரை இருக்கிறது. அடுத்தது செப்டம்பரில். ஆகஸ்ட் காலி.

1945 ஆகஸ்ட் 9, நாகசாகியில் அணுகுண்டு விழுந்த நாள், உனக்குத் தெரியும். ஆனால் அன்று காலை அந்தக் குண்டோடு விமானம் முதலில் வந்தது இந்த ஊருக்கு. இங்கே இருந்த ராணுவ ஆயுதத் தொழிற்சாலைதான் குறி. மூன்று முறை சுற்றி வந்தது. கீழே மூட்டமும் புகையுமாக இருந்ததால் குறி தெரியவில்லை. முந்தின நாள் பக்கத்து யாவாத்தாவில் குண்டு போட்டு எரிந்த புகை என்றும் சொல்வார்கள். எரிபொருள் தீர்ந்துகொண்டிருந்ததால் நாகசாகிக்குப் போய்விட்டது. தொழிற்சாலை இருந்த இடம் இப்போது கட்சுயாமா பூங்கா. அங்கே நாகசாகியின் மணி ஒன்று இருக்கிறது, ஒவ்வோர் ஆகஸ்ட் 9ஆம் தேதியும் கூடி அஞ்சலி செலுத்துகிறார்கள். அன்று இந்த அம்மா ஆறு மாதக் கருவாக, அந்தப் பூங்காவிலிருந்து நடக்கும் தூரத்தில் இருந்திருக்கிறார்.

நான் கையேட்டைக் கையில் பிடித்தபடி பேச்சற்று நின்றேன். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு குனிந்து, சர்க்கரைக்கு நேரே இருந்த முத்திரையில் விரலை வைத்தார். "இதைப் பாருங்கள். இந்தச் சர்க்கரையில் ஒரு சிட்டிகைகூட என் அம்மா வாயில் படவில்லை. மாமியார் எடுத்து ஒளித்து வைத்துவிட்டாராம். சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள்" என்றார். குண்டைப் பற்றி அவருடைய அம்மா என்ன சொல்லியிருக்கிறார் என்று கேட்டேன். "ஒன்றும் சொன்னதில்லை. சர்க்கரையைப் பற்றித்தான்." இவள் அதைக் கேட்டு, "எல்லா ஊரிலும் மாமியார் மாமியார்தான்" என்றாள். எனக்கு அதைச் சரியாக மொழிபெயர்த்துச் சொல்லத் தைரியம் வரவில்லை, ஆனால் அந்த அம்மாவுக்குப் புரிந்துவிட்டது என்றே நினைக்கிறேன்.

பிள்ளைகள் இருவரும் வந்து பார்த்தார்கள். வாழ்த்து அட்டைக் கட்டுகள் இரண்டு பெட்டி நிறைய இருந்தன. புத்தாண்டு அட்டையில் குலுக்கல் எண் அச்சிட ஆரம்பித்த காலத்திலிருந்து சேர்த்தவை. அந்த முதல் குலுக்கலின் பெரிய பரிசு ஒரு தையல் மிஷின் என்றால் பார்த்துக்கொள், ஜனங்களுக்கு அப்போது எது கனவாக இருந்திருக்கும் என்று. இப்போது அட்டையின் விலை 85 யென் ஆகிவிட்டது, "இந்த ஆண்டோடு நிறுத்திக்கொள்கிறேன்" என்று கடைசி அட்டை எழுதி முடித்துக்கொள்வதே வழக்கமாகிவருகிறது. கட்டுகள் மறுசுழற்சிக்குப் போயின. மார்ச் 3 பண்டிகைக்கு வைக்கும் பொம்மைகளைக் குப்பையில் போட யாருக்கும் மனம் வரவில்லை, கோயிலில் பூசை செய்து ஒப்படைக்கப் போகிறார்கள். மகன் கேட்டு வாங்கிக்கொண்டது அப்பாவின் அலுமினிய மதிய உணவுப் பெட்டியை. மூடியின் நடுவில் பொடிப்பொடியாக ஓட்டை. சோற்றின் நடுவே தினமும் வைத்த, உப்பில் ஊறிய உமே என்ற புளிப்புக் காயின் புளிப்பு அரித்த ஓட்டை.

மகளுக்கு வேண்டியிருந்தது அந்த வீட்டிலேயே இல்லை, அம்மாவின் சமையலறையில் இருக்கிறது. நுகாடோக்கோ. அரிசித் தவிட்டில் உப்பு, தண்ணீர், கடற்பாசி, காய்ந்த மிளகாய் சேர்த்துப் புளிக்கவைத்த ஒரு ஜாடி. வெள்ளரி, கேரட், கத்தரி எதையாவது இரவு புதைத்தால் காலையில் ஊறுகாய். கத்தரியின் நிறம் போகாமலிருக்க உள்ளே ஒரு துருப்பிடித்த ஆணி. பாட்டி கலக்கியது, அம்மா கலக்கியது, உறைமோர் போலக் கொஞ்சம் எடுத்துக் கொடுத்துக் கொடுத்து வீடு மாறி வந்திருக்கிறது. தினமும் கையை விட்டு அடிவரை புரட்ட வேண்டும், விட்டால் மேலே வெள்ளையாகப் படலம் கட்டி நாற்றமெடுக்கும். ஊருக்குப் போவதென்றால் குளிர்பெட்டியில் வைக்க வேண்டும். கொக்குராக்காரர்கள் அதோடு நிற்பதில்லை. அதே தவிட்டைப் போட்டு மத்தி மீனைக் குழம்பாகக் கொதிக்க வைப்பார்கள். 2022இல் இரண்டு முறை தீப்பிடித்து எரிந்த தாங்கா சந்தையில் அந்த மீன் இன்றும் கிடைக்கிறது. நான் தொடுவதில்லை, உனக்குத் தெரியும். வாசனை மட்டும் தெருக்கோடி வரை வரும். மகள் ஒரு டப்பாவில் வாங்கிக்கொண்டு ஒசாகா ரயில் ஏறினாள். எங்களுக்கும் ஒரு டப்பா வந்திருக்கிறது. காலையில் இவள் கை, சாயங்காலம் என் கை.

உன் மகளுக்கு என்ன சொல்வது என்று கேட்டிருந்தாய். எல்லாவற்றையும் வைத்துக்கொள் என்று சொல்ல மாட்டேன், அண்டாவை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாள்? ஆனால் எடைக்காரரைக் கூப்பிடுவதற்கு முன்னால் இரண்டு நாள் அவளை உன் பக்கத்தில் உட்கார வைத்து ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துக் கொடு. எந்தப் பாத்திரத்துக்காக யார் யாரோடு சண்டை போட்டார்கள் என்பதையும் மறைக்காமல் சொல். பிறகு அவள் எதை எடுத்துக்கொள்கிறாளோ அதோடு சரி.

உன்னிடம் எனக்கும் ஒரு வேலை இருக்கிறது. உன் அம்மா கைப்பட எழுதிய ஊறுகாய் நோட்டு எங்கே இருக்கிறது? அதில் மாவடுப் பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பு. உப்பு எவ்வளவு, விளக்கெண்ணெய் எப்போது தடவுவது என்று பக்கத்து வீட்டு அம்மா கேட்டுக்கொண்டே இருக்கிறார். ஜூன் மாதம் பச்சை உமேக்காய் சந்தைக்கு வரும். கெட்டிக்காயாகப் பொறுக்கி அதே கணக்கில் போட்டுப் பார்க்க உத்தேசம். கையெழுத்து புரியாத இடத்தில் நீயே பக்கத்தில் எழுதிவிடு.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்