விண்ணப்பத்தோடு செலவு முடிவதில்லை

ஆசிரியருக்கு,

.com போல இணைய முகவரியின் இறுதியில் வரும் புதிய பின்னொட்டுகளைத் தொடங்கித் தரும் நிறுவனங்கள் விண்ணப்பத்தைப் பற்றியே அதிகம் பேசுகின்றன. இணையப் பெயர்களை உலக அளவில் ஒருங்கிணைக்கும் ஐகான் (ICANN) அமைப்பின் விண்ணப்பக் கட்டணம் 2012 சுற்றில் 1,85,000 டாலர். 2026 சுற்றுக்கு 2,27,000. அது தொடக்கம்தான். அந்தப் பின்னொட்டில் உள்ள முகவரிகளின் பதிவேட்டை இரவு பகலாக இயக்க வேண்டும். வணிகச்சின்ன உரிமையாளர்களுக்கு முன்னுரிமை தரும் 'சன்ரைஸ்' காலத்தை நடத்த வேண்டும். மோசடி முகவரிகள் மீதான புகார்களை ஆண்டுக்கணக்கில் கவனிக்க வேண்டும். நிறுவனங்கள் தம் பெயரிலேயே வாங்கிய பின்னொட்டுகள் சில, பிறகு அவர்களாலேயே கைவிடப்பட்டன. எனவே சேவை நிறுவனத்திடம் முதலில் கேட்க வேண்டியது, ஐந்தாம் ஆண்டில் யார் என்ன செய்வார் என்பதைத்தான். பதிவேட்டை வேறு நிறுவனத்துக்கு மாற்றும் உரிமையும் ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்