கிளப்பைத் திட்டுமுன் அட்டவணையைப் பாருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

தேசிய கால்பந்து அணிக்கு வீரர்களை விடாத ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) கிளப்புகளை நாட்டுப்பற்று இல்லாதவர்கள் என்று சாடும் கட்டுரையை உங்கள் இதழில் படித்தேன். கோபம் நியாயமானதே. ஆனால் விதி என்ன சொல்கிறது, காயம் பட்டால் யார் கையிலிருந்து பணம் போகிறது என்ற இரண்டையும் கட்டுரையாளர் தொடவே இல்லை. தகராறின் வேர் அங்கேதான் இருக்கிறது.

சர்வதேச ஆட்டங்களுக்கென்று உலகக் கால்பந்துச் சம்மேளனமான ஃபிஃபா ஒதுக்கியிருக்கும் நாட்களில், அதாவது 'விண்டோ'வில், கிளப் வீரரை விட்டே ஆக வேண்டும். வழக்கமான விண்டோ திங்கள் காலை தொடங்கி மறுவாரம் செவ்வாய் இரவு முடியும். ஒன்பது நாள், இரண்டு ஆட்டம். அழைப்புக் கடிதம் 15 நாள் முன்னதாகவே வந்துவிட வேண்டும். விட மறுக்கும் கிளப், அந்த நாட்களிலும் அதன்பின் 5 நாட்களிலும் அந்த வீரரைத் தன் ஆட்டத்தில் இறக்க முடியாது. உலகக் கோப்பைக்கும் ஆசியக் கோப்பை போன்ற கண்டப் போட்டிகளுக்கும் இதே கட்டாயம் உண்டு. மற்றவை கிளப்பின் விருப்பம். ஒலிம்பிக்குக்குக்கூடக் கட்டாயம் கிடையாது. 2008 ஒலிம்பிக்குக்கு மெஸ்ஸியை விடும் விவகாரத்தில் விளையாட்டு நடுவர் மன்றம் அவருடைய கிளப்பான பார்சிலோனா பக்கம்தான் தீர்ப்புச் சொன்னது. பிறகு கிளப்பே இசைந்து அவரை ஆடவிட்டது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்குக்கு எம்பாப்பேயை ரியல் மாட்ரிட் விடவில்லை.

இப்போது 2023-ல் சீனாவின் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டுக்கு வருவோம். தள்ளிப்போன அந்தப் போட்டியின் புதிய தேதி 2022 ஜூலையிலேயே தெரியும். 2023 செப்டம்பர் விண்டோ 12-ம் தேதியோடு முடிந்தது. அடுத்தது அக்டோபர் 9-ல். கால்பந்து இரண்டுக்கும் நடுவில், செப்டம்பர் 19-ல் தொடங்கியது. ஐஎஸ்எல் தொடக்க நாள் செப்டம்பர் 21! ஓராண்டுக்கு மேல் அவகாசம் இருந்தும் இரண்டு தேதிகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து ஒன்றை நகர்த்த ஆளில்லை. கடைசி வாரங்களில் கிளப் கிளப்பாகக் கெஞ்சி, பட்டியலை அடித்து அடித்து எழுதினார்கள். ஆட்டத்துக்கு முந்தின நாள்தான் அணி போய் இறங்கியது. சீனாவுக்கு எதிராக இடைவேளையில் 1-1. நம் ராகுல் கே.பி. அடித்த அழகான கோல். இரண்டாம் பாதியில் நான்கு கோல் வாங்கி 1-5. பயணக் களைப்பும் பயிற்சியின்மையும் இப்படித்தான் 45 நிமிடத்துக்குப் பிறகு காலில் தெரியும். இதில் கிளப்பின் குற்றம் எத்தனை பங்கு, அட்டவணை போட்டவர்களின் குற்றம் எத்தனை பங்கு?

2025-ல் மத்திய ஆசியாவின் காஃபா நேஷன்ஸ் கோப்பையிலும் அதே கதை. விண்டோ செப்டம்பர் 1-ல். போட்டி ஆகஸ்ட் 29-ல். பயிற்சி முகாமோ ஆகஸ்ட் நடுவிலேயே. கொல்கத்தா கிளப்பான மோகன் பகான் வீரர்களை அனுப்பவில்லை. தேசிய அணியில் காயப்பட்டுத் திரும்பும் வீரர்களை அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு கவனிப்பதில்லை என்பது அவர்கள் புகார். செப்டம்பர் 16-ல் அவர்களுக்கே ஆசியக் கிளப்புகளுக்கான சாம்பியன்ஸ் லீக் டூ ஆட்டம் காத்திருந்தது. (அவர்கள் இல்லாமலே பயிற்சியாளர் காலித் ஜமீலின் இந்திய அணி ஓமனைப் பெனால்டியில் வென்று மூன்றாம் இடம் பிடித்தது வேறு விஷயம்.)

காயச் செலவுதான் பலருக்குத் தெரியாத பகுதி. வீரரை விடுவதற்காக கிளப் கட்டணம் கேட்க முடியாது. அவருக்கான காப்பீடும் கிளப்பின் தலையில்தான். ஃபிஃபாவின் கிளப் பாதுகாப்புத் திட்டம் இருக்கிறதே என்பார்கள். மொராக்கோவுக்கு ஆடி 2004-ல் காயப்பட்ட உல்மெர்ஸுக்காக பெல்ஜியத்தின் ஷார்லெருவா கிளப் ஃபிஃபாவை நீதிமன்றத்துக்கு இழுத்ததிலிருந்து தொடங்கிய போராட்டத்தின் பலன் அது. காயப்பட்ட வீரரின் கிளப்புக்கு நாளொன்றுக்கு 20,548 யூரோ வரை, ஒரு காயத்துக்கு அதிகபட்சம் 75 லட்சம் யூரோ. ஆனால் முதல் 28 நாளுக்கு எதுவும் கிடையாது. அதன்பிறகும் நிலையான சம்பளம் மட்டுமே, மருத்துவச் செலவு சேராது. மூன்று வாரத்தில் ஆறிவிடும் ஹாம்ஸ்ட்ரிங் (தொடையின் பின்தசை) கிழிசலுக்குக் கிளப்புக்கு ஒரு பைசா தேறாது. அதற்குள் லீகில் மூன்று நான்கு ஆட்டம் போயிருக்கும்.

ஆகவே கூட்டமைப்பு முதலில் செய்யக்கூடியது அந்த 28 நாள் ஓட்டையை அடைப்பது. முகாமுக்கு வரும் 25, 30 பேருக்கும் குறுகிய காலக் காப்பீடு ஒன்று எடுத்து, சம்பளத்தோடு ஸ்கேன், பிசியோ, அறுவைச் செலவையும் சேர்த்தால், விண்டோவுக்கு வெளியே கூப்பிடும்போதும் கிளப்பிடம் பேச வாய் இருக்கும்.

அடுத்தது மருத்துவத் தகவல். 2010 உலகக் கோப்பைக்கு ஒரு வாரம் முன்பு ஹங்கேரிக்கு எதிரான ஆட்டத்தில் நெதர்லாந்து வீரர் ராபனின் ஹாம்ஸ்ட்ரிங் பிடித்துக்கொண்டது. நெதர்லாந்து அணி அவரைத் தேற்றி இறுதி ஆட்டம் வரை ஆடவைத்தது. தன் கிளப்பான ஜெர்மனியின் பேயர்னுக்குத் திரும்பியபோது ஸ்கேனில் தெரிந்தது 5 சென்டிமீட்டர் கிழிசல். பாதி சீசன் போயிற்று. சமாதானமாக 2012-ல் நெதர்லாந்து மியூனிக்கில் நட்பு ஆட்டம் ஆட வேண்டியதாயிற்று. பணவசதியுள்ள அந்த இரண்டு தரப்புக்கே இந்த நிலை. முகாமுக்குள் நுழையும் அன்றும் வெளியேறும் அன்றும் இரு தரப்பு மருத்துவர்களும் கையெழுத்திட்ட அறிக்கை, கடைசி நான்கு வார ஓட்டப் பளுவின் ஜிபிஎஸ் பதிவு, தேவைப்பட்டால் ஸ்கேன். இவ்வளவு இருந்தால் "நீங்கள்தான் கெடுத்தீர்கள்" என்ற சண்டையில் பாதி அடங்கும்.

கிளப்புகளும் புனிதர்கள் அல்ல. லீகில் பத்து நிமிடம்கூட இறக்க உத்தேசமில்லாத 20 வயதுப் பையனை விதியைக் காட்டிப் பிடித்துவைப்பதில் எந்த நியாயமும் இல்லை. காயம் என்று சாக்குச் சொன்னால், தன் மருத்துவரை வைத்துப் பரிசோதிக்கும் உரிமை விதியிலேயே கூட்டமைப்புக்கு இருக்கிறது. அதைப் பயன்படுத்தலாமே.

2026-லிருந்து செப்டம்பர், அக்டோபர் விண்டோக்களை ஃபிஃபா ஒன்றாக்கிவிட்டது. அந்த ஆண்டு செப்டம்பர் 21 முதல் அக்டோபர் 6 வரை, நான்கு ஆட்டம். அய்ச்சி-நகோயா ஆசிய விளையாட்டு செப்டம்பர் 19 முதல் அக்டோபர் 4 வரை. இந்தியா கால்பந்து அணியை அனுப்புவதாக இருந்தால், ஒரே இளைஞரை சீனியர் அணியும் 23 வயதுக்குட்பட்டோர் அணியும் கேட்கும். எந்த அணிக்கு யார், எத்தனை நாள் முகாம், காப்பீடு யார் பொறுப்பு என்று எழுதிய கடிதம் லீக் அட்டவணை அச்சாகும் முன்பே கிளப்புகளுக்குப் போய்ச் சேர்ந்ததா என்று கூட்டமைப்பைக் கேட்டு, பதிலை உங்கள் இதழில் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
வாசகர்,
வியாசர்பாடி, சென்னை