ஆறாம் ஆண்டு வரலாற்று நோட்டு: பெற்றோர்களுக்குத் தலைமையாசிரியரின் கடிதம்

அன்பார்ந்த பெற்றோர்களே, வணக்கம்.

தவணை முடிகிறது. விளையாட்டுப் போட்டி நல்லபடியாக நடந்தது. திருக்குறள் மனனப் போட்டியில் பிள்ளைகள் பரிசு வாங்கினார்கள். கோத்தோங் ரோயோங் கூட்டுத் துப்புரவுப் பணிக்கு வந்து உழைத்த அனைவருக்கும் நன்றி.

ஆறாம் ஆண்டு வரலாற்று நோட்டைப் பற்றித்தான் உங்களோடு பேச வேண்டும். 'தாத்தா பாட்டியிடம் கேட்டு எழுதி வா' என்று சார் கொடுத்த வேலையில், ஒன்பது நோட்டுகளில் எழுத்துப் பிசகாமல் ஒரே பத்தி. இணையத்தில் எடுத்தது. சிலவற்றில் கையெழுத்தே பிள்ளையுடையது இல்லை. சுங்கைப் பட்டாணியில் இரவு ஷிப்டு முடித்து வருகிறீர்கள், வேலை சீக்கிரம் முடியட்டும் என்று உதவியிருப்பீர்கள். அந்தக் களைப்பு எனக்குப் புரியாமல் இல்லை.

சென்ற மாதம் அந்த வகுப்பை ஜன்னலோரம் நின்று பார்த்தேன். சார் தம் சைக்கிளை உள்ளே உருட்டி வந்து ஒரு பையனை ஏறச் சொன்னார். "துரை வருகிறார், இறங்கு" என்றார். மூன்றாம் முறை அவன் கேட்டுவிட்டான்: "ஏன் சார் இறங்கணும்?" அப்போதுதான் 1941-இல் கிள்ளான் வட்டார ரப்பர் தோட்டங்களில் நடந்த வேலைநிறுத்தத்தைச் சொன்னார். கூலி உயர்வோடு, வெள்ளைக்காரத் தோட்ட மேலாளரான துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கும் வழக்கம் ஒழிய வேண்டும் என்பதும் அன்றைய கோரிக்கை. வகுப்பில் ஒரு சத்தம் இல்லை. அன்று மாலை அவன் தாத்தாவிடம், "உங்கப்பா இறங்கினாரா?" என்று கேட்டிருக்கிறான். பதில் நோட்டில் அரைப் பக்கம் இருக்கிறது, எழுத்துப்பிழைகளோடு. சார் அதை என் மேசைக்கே கொண்டு வந்து காட்டினார்.

இப்படிப்பட்ட ஆசிரியரை, மறுபடி எழுதச் சொல்லி நோட்டைத் திருப்பிக் கொடுத்தார் என்பதற்காகப் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் 'வரலாறு சோறு போடுமா?' என்று எழுதுவதும், இரவு பதினொரு மணிக்கு அழைத்துப் பேசுவதும் சரியல்ல. இதைப் பள்ளி ஏற்காது. குறை இருந்தால் என் அறைக்கு வாருங்கள். 2013 முதல், இடைநிலைப்பள்ளி முடிவில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வின் சான்றிதழுக்கு வரலாற்றில் தேர்ச்சி கட்டாயம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்குப் போனவர்கள், ரப்பர் பால் நிறைந்த காண்டா வாளியைத் தோளில் தூக்கியவர்கள் நம் வீடுகளில் இன்னும் சிலரே இருக்கிறார்கள். தொழிலாளர் வரிசை வீடுகளான லயம் இருந்த இடமெல்லாம் இப்போது செம்பனை. பால் வெட்டும் கத்தியோடு வகுப்புக்கு வந்து, ஒரு கட்டையில் பட்டை சீவிக் காட்டிய பாட்டிக்கு என் மனமார்ந்த நன்றி. அவரை அழைத்து வந்த மருமகளுக்கும்தான்.

நோட்டை அடுத்த ஞாயிறன்று கொடுத்தால் போதும். பெரியவர்கள் பேசட்டும், பிள்ளை எழுதட்டும். பிழைகளைச் சார் திருத்திக்கொள்வார்.

அன்புடன்,
தலைமையாசிரியர்
பீடோங், கெடா